விண்டோஸில் பைத்தானைச் சோர்ஸிலிருந்து கட்டுவது: எந்த வழி யாருக்கு?

"பைத்தானை விண்டோஸில் சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ணணும், எந்த வழி நல்லது?" என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது "எதுக்கு?" என்றுதான். (சோர்ஸ் என்பது மூல நிரல். அதைக் கம்பைல் செய்து ஓடும் கோப்பாக்குவதைத்தான் கட்டுவது என்கிறேன்.) கேட்டவருக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் கேட்டுவிடுவேன். பாதிப் பேருடைய சிக்கல் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அந்தப் பாதிப் பேரில் பலர், பிப் என்ற நிறுவும் கருவியை வைத்து ஏதோ ஒரு பேக்கேஜை நிறுவப் போய், "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேல் தேவை" என்ற சிவப்பு வரியைப் பார்த்துப் பயந்தவர்கள். அதற்கும் பைத்தானைக் கட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பேக்கேஜுக்குள் இருக்கும் சி கோடைத்தான் கம்பைல் செய்யச் சொல்கிறது. பெரும்பாலும் காரணம் இன்னும் சின்னது: நேற்று வெளியான புதுப் பைத்தானைப் போட்டிருப்பீர்கள், அந்தப் பேக்கேஜ்காரர்கள் அதற்கு இன்னும் வீல் (முன்கூட்டியே கட்டி வைத்த பேக்கேஜ்) போட்டிருக்க மாட்டார்கள். ஒரு பதிப்பு கீழே இறங்கினால் வேலை முடிந்தது.

இன்னொரு கூட்டம் வேகத்துக்காக வரும். "நம்ம மெஷின்லயே கம்பைல் பண்ணினா வேகமா ஓடும்" என்ற நம்பிக்கை. விண்டோஸில் நடப்பது நேர்மாறு. பைத்தான் தளத்தில் கிடைக்கும் இன்ஸ்டாலர் பிஜிஓ முறையில் கட்டப்பட்டது. அதாவது ஒரு தடவை கட்டி, ஓடவிட்டு, எந்தப் பகுதி அதிகம் ஓடுகிறது என்று அளந்து, அந்தக் கணக்கை வைத்து மறுபடியும் கட்டியது. நாம் சும்மா ஒரு ரிலீஸ் பில்ட் போட்டால் அதைவிட மெதுவான பைத்தான்தான் கிடைக்கும்.

முன்பு நியாயமாக இருந்த காரணங்களும் வரவரக் குறைந்துவிட்டன. டீபக் பில்ட் (பிழை தேடுவதற்கான பில்ட்) வேண்டுமா? இன்ஸ்டாலரிலேயே அதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது. ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டு) இல்லாத பைத்தானை ஓட்டிப் பார்க்க வேண்டுமா? 3.13 முதல் அதுவும் இன்ஸ்டாலரில் ஒரு விருப்பம். ஜேஐடி (ஓடும்போதே கம்பைல் செய்யும் வசதி)? 3.14-இன் விண்டோஸ் இன்ஸ்டாலரில் உள்ளேயே வருகிறது, ஒரு என்விரான்மென்ட் வேரியபிளை வைத்து இயக்கினால் போதும்.

சரி, அப்படியென்றால் யார்தான் கட்ட வேண்டும்? பைத்தானின் சி கோடையே திருத்துகிறவர்கள், அதற்குப் பங்களிக்க நினைப்பவர்கள். இவர்களுக்கு வேறு வழி இல்லை. இரண்டாவது வகை, இன்ஸ்டாலர் நின்றுபோன பழைய பதிப்பை விட முடியாதவர்கள். அதில்தான் நான் மாட்டினேன். இதைப் பற்றி வெளியே அதிகம் பேச்சு இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து வருட ஆயுள். ஆனால் அந்த ஐந்து வருடம் முழுக்க இன்ஸ்டாலர் வந்துகொண்டிருக்காது. ஆரம்பத்தில் ஒன்றரை வருடம் பிழைத்திருத்தக் காலம் (3.13 முதல் இரண்டு வருடம்), அதில் விண்டோஸ் இன்ஸ்டாலர் வரும். அதற்கப்புறம் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், அவையும் சோர்ஸாக மட்டும். 3.10-ஐ எடுத்துக்கொண்டால், 2021 அக்டோபரில் வந்தது. 2023 ஏப்ரலில் வந்த 3.10.11-தான் அதன் கடைசி விண்டோஸ் இன்ஸ்டாலர். அதன்பின் 3.10.12, 3.10.13 என்று பாதுகாப்பு வெளியீடுகள் வந்துகொண்டே இருந்தன. பதிவிறக்கப் பக்கத்தில் விண்டோஸ்காரருக்கு சோர்ஸைச் சுருக்கி வைத்த ஒரு டிஜிஇசட் கோப்புதான் மிஞ்சியது. 3.11-க்கு 3.11.9, 3.12-க்கு 3.12.10 என்று ஒவ்வொன்றுக்கும் இதே கதை.

நான் வேலை செய்த ஓர் இடத்தில் கணக்குப் பிரிவுக்கு ஒரு கருவி ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸெலைத் திறந்து, சில அறிக்கைகளைப் போட்டு, மூடும். 3.10-இல் எழுதியது. அதன் அடியில் இருந்த ஒரு பழைய எக்ஸ்டென்ஷனுக்கு (சி-யில் எழுதிய துணை மாட்யூல்) சோர்ஸ் யாரிடமும் இல்லை, 3.10-க்கான பைனரி மட்டும்தான் கையில். பாதுகாப்புத் தணிக்கை நடத்தியவர் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு, "இதில் திருத்தப்படாத ஓட்டைகள் இருக்கின்றன, மேம்படுத்துங்கள்" என்று எழுதிவிட்டுப் போனார். 3.12-க்குப் போக முடியாது. 3.10-இல் மேலே போக இன்ஸ்டாலர் கிடையாது. அப்போதுதான் இந்த வழிகளை எல்லாம் உட்கார்ந்து ஒப்பிட்டேன்.

ஒப்பிட்டபோது ஒன்று புரிந்தது. எந்தக் கம்பைலர் நல்லது என்பது இங்கே கேள்வியே இல்லை. கட்டப்போகும் பைத்தான் யாரோடு குடித்தனம் நடத்தப்போகிறது என்பதுதான் கேள்வி. கணக்கீட்டுக்கான நம்பை, விண்டோஸ் வசதிகளைத் தொடும் பைவின்32, அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் என்று அதற்குள் வந்து உட்காரப்போகும் டிஎல்எல்கள் (விண்டோஸின் நூலகக் கோப்புகள்) எந்தக் கம்பைலரில், எந்த சி ரன்டைமில் (சி நிரல்கள் ஓட நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்) கட்டப்பட்டவையோ, பைத்தானும் அதிலேயே இருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்டால், ஒரு ரன்டைமில் மாலாக் செய்து வாங்கிய நினைவகத்தை இன்னொரு ரன்டைமில் ஃப்ரீ செய்யக் கொடுப்பது, ஒரு அடகுக்கடையில் வைத்த நகையை இன்னொரு கடையில் போய் மீட்கக் கேட்பது மாதிரி. அந்தக் கடையின் பேரேட்டில் அப்படி ஒரு நகையே இருக்காது. மனிதர் என்றால் "எங்க கடை இல்லைங்க" என்று சொல்லி அனுப்புவார். புரோகிராம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும், அல்லது அரை மணி நேரம் கழித்துச் சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தில் விழும். பைத்தான் 2.7 விஷுவல் ஸ்டுடியோ 2008-லும், 3.3, 3.4 இரண்டும் 2010-லும் கட்டப்பட்ட காலத்தில் இந்த வலி அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு விஷுவல் ஸ்டுடியோவும் தனக்கென்று ஒரு ரன்டைம் டிஎல்எல்லோடு வரும். விஷுவல் ஸ்டுடியோ 2015-ஓடு யுசிஆர்டி என்ற பொது ரன்டைம் வந்தது. பைத்தானும் 3.5-இலிருந்து அதற்கு மாறியது. அன்று முதல் 2015, 2017, 2019, 2022 என்று எதில் கட்டினாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வழிகளைப் பார்க்கலாம்.

முதலில் மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் கட்டுவது, அதாவது பைத்தான் குழுவே பயன்படுத்தும் வழி. லினக்ஸ் பழக்கத்தில் கன்ஃபிகர், மேக் என்று தேடாதீர்கள், விண்டோஸுக்கு அந்தப் பாதை இல்லை. சோர்ஸுக்குள் பிசிபில்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பில்ட்.பேட். அவ்வளவுதான். கட்டுவதற்கு முன்னால் விஷுவல் ஸ்டுடியோவின் இன்ஸ்டாலரில் டெஸ்க்டாப் சி++ என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து நிறுவ வேண்டும். பல ஜிபி இறங்கும். மொபைல் டேட்டாவில் உட்கார்ந்து இதை ஆரம்பிக்காதீர்கள், அன்றைய கோட்டா பாதியிலேயே தீர்ந்துவிடும். தனிநபர்களுக்குக் கம்யூனிட்டி பதிப்பு இலவசம். 250 கணினிகளுக்கு மேலோ வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் வருமானத்துக்கு மேலோ உள்ள நிறுவனம் என்றால் இலவசப் பதிப்பைப் பொதுவாக நிறுவன வேலைக்குப் பயன்படுத்த முடியாது. உரிமத்தை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

சோர்ஸை சி டிரைவின் வேரில், பெயரில் இடைவெளி இல்லாத ஒரு குட்டி ஃபோல்டரில் இறக்குங்கள். டெஸ்க்டாப்பிலோ கிளவுடோடு ஒத்திசையும் ஃபோல்டரிலோ வேண்டாம். விண்டோஸின் பழைய 260 எழுத்துப் பாதை வரம்பு இன்னும் பல கருவிகளுக்குள் உயிரோடு இருக்கிறது. பில்ட் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் கண்காணிப்பிலிருந்து விலக்கி வைக்க அனுமதி இருந்தால் செய்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உருவாகும்போது ஒவ்வொன்றையும் அது முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

பில்ட்.பேட்டைத் தட்டியதும் முதலில் நடப்பது கம்பைல் இல்லை, டவுன்லோட். பிஜிப்2, எக்ஸ்இசட், எஸ்கியூலைட், ஓபன்எஸ்எஸ்எல், டிசிஎல்/டிகே என்று பைத்தான் நம்பியிருக்கும் நூலகங்களை ஒவ்வொன்றாக இழுத்து எக்ஸ்டர்னல்ஸ் என்ற ஃபோல்டரில் வைக்கும். ஓபன்எஸ்எஸ்எல், டிசிஎல்/டிகே போன்றவை ஏற்கெனவே கட்டிய பைனரியாகவே வரும். அது நல்லதுதான். ஓபன்எஸ்எஸ்எல்லையும் சோர்ஸிலிருந்து கட்டுவதென்றால் பெர்லும் நாஸம் அசெம்ப்ளரும் வேறு வேண்டும். அலுவலக பிராக்ஸிக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு முதல் அடி விழுவது இந்த இடத்தில்தான். கம்பைல் பிழை என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார்கள், ஆனால் கிட்ஹப்பிலிருந்து ஒரு ஜிப் கோப்பு இறங்கியிருக்காது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு வேடிக்கை. பைத்தானைக் கட்ட ஏற்கெனவே ஒரு பைத்தான் வேண்டும். உங்கள் கணினியில் இல்லை என்றால் பில்ட் ஸ்கிரிப்ட் தானாகவே மைக்ரோசாஃப்டின் பேக்கேஜ் சேவையான நுகெட் வழியாக ஒன்றை இறக்கிக்கொள்ளும். கோழி முந்தியா முட்டை முந்தியா என்ற வழக்குக்கு இவர்கள் கண்ட தீர்ப்பு, பக்கத்துக் கடையில் ஒரு கோழி வாங்கிக்கொள்வது.

பிளாட்ஃபார்மை எக்ஸ்64 என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். பழைய கிளைகள் சிலவற்றில் சொல்லாவிட்டால் 32 பிட் வரும். எழுத்துகள் திரையில் ஓடி முடிந்து பிசிபில்டுக்குள் ஏஎம்டி64 என்ற ஃபோல்டரில் பைத்தான்.இஎக்ஸ்இ வந்து நிற்கும்போது ஒரு சின்னச் சந்தோஷம் வரும். நானும் சந்தோஷப்பட்டேன். அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு கணக்குப் பிரிவுக் கணினிக்குப் போனேன். தட்டினால், 'என்கோடிங்ஸ்' என்ற மாட்யூலே இல்லை என்று ஒரு வரி. பைத்தான் தலை தூக்குவதற்கு முன்பே விழுந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், விண்டோஸ் பில்டில் 'மேக் இன்ஸ்டால்' என்ற படியே கிடையாது. ஏஎம்டி64 ஃபோல்டரில் இருப்பவை இஎக்ஸ்இ, டிஎல்எல், எக்ஸ்டென்ஷன்கள் மட்டும். பைத்தானிலேயே எழுதப்பட்ட ஸ்டாண்டர்டு லைப்ரரி சோர்ஸ் ஃபோல்டரில் லிப் என்ற பெயரில் இருக்கிறது. கட்டிய இடத்தில் ஓட்டும்போது அது தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். வேறு கணினிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், பிசி ஃபோல்டருக்குள் இருக்கும் லேஅவுட் என்ற ஸ்கிரிப்டைப் பைத்தானால் ஓட்ட வேண்டும். அது லிப், டிஎல்எல், பிப் எல்லாவற்றையும் சேர்த்து இன்ஸ்டாலர் போடுகிற அதே அமைப்பில் ஒரு ஃபோல்டரை ஒழுங்காக அடுக்கித் தரும். இந்த ஒரு ஸ்கிரிப்டைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் போனது.

டீபக் பில்டில் இன்னொரு பொறி. அதில் இஎக்ஸ்இயின் பெயரே பைத்தான்_டி என்றுதான் இருக்கும். எக்ஸ்டென்ஷன்களும் பெயரில் அதே _டி வாலோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். பிப்பில் வரும் சாதாரண நம்பையை அது கண்டுகொள்ளாது. மாட்யூல் கண்ணெதிரே ஃபோல்டரில் இருக்கும், ஆனால் இல்லை என்று சாதிக்கும். ரிலீஸ் வேண்டுமா டீபக் வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

வேகம் முக்கியம் என்றால் பிஜிஓ சுவிட்சைச் சேர்த்துக் கட்டுங்கள். பயிற்சிக்காக டெஸ்ட் தொகுப்பை ஓட்டும் என்பதால் நேரம் பல மடங்கு ஆகும். போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். இதே கட்டமைப்பில் கம்பைலரை மட்டும் கிளாங்-சிஎல் என்று மாற்றிக்கொள்ளவும் முடியும். அது மைக்ரோசாஃப்ட் கம்பைலரோடு ஒத்துப்போகும் பைனரியையே தருவதால் குடித்தனத்தில் சண்டை வராது. புதுப் பதிப்புகளில் சோதனை செய்து பார்க்கிறவர்களுக்கு அது தேவைப்படும், மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம்.

இந்த வழியின் பலன், பைபிஐயில் (பிப் பேக்கேஜ்களை இறக்கும் தளம்) இருக்கும் விண்டோஸ் வீல்கள் அத்தனையும் அப்படியே வேலை செய்யும். என் பழைய எக்ஸ்டென்ஷன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. குறை, நீங்கள் கட்டிய இஎக்ஸ்இயில் பைத்தான் அறக்கட்டளையின் கையொப்பம் இருக்காது. கட்டுப்பாடுள்ள அலுவலகக் கணினிகள் அதைச் சந்தேகத்தோடு பார்க்கும், தடுக்கவும் செய்யலாம்.

இரண்டாவது வழி எம்எஸ்ஒய்எஸ்2. லினக்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு இதைப் பார்த்தவுடன் மனசு குளிர்ந்துவிடும். ஆர்ச் லினக்ஸின் பேக்கேஜ் கருவி பேக்மேன், கமாண்ட் தட்டும் பேஷ், ஜிசிசி கம்பைலர் எல்லாம் விண்டோஸுக்குள் கிடைக்கும். விஷுவல் ஸ்டுடியோவோடு ஒப்பிட்டால் டவுன்லோடும் மிகவும் குறைவு. வருவது உண்மையான விண்டோஸ் இஎக்ஸ்இ. உரிமத் தலைவலியும் இல்லை. அப்படியென்றால் இதையே எல்லோருக்கும் சொல்லிவிடலாமே?

இங்கேதான் குடித்தனக் கேள்வி வருகிறது. மிங்டபிள்யூவில், அதாவது ஜிசிசியின் விண்டோஸ் வடிவத்தில், கட்டுவதைப் பைத்தான் குழு அதிகாரப்பூர்வமாக ஆதரிப்பதில்லை. எம்எஸ்ஒய்எஸ்2 குழு தனியாக ஒரு நீளமான பேட்ச் வரிசையை வைத்துப் பராமரிக்கிறது. அதில் கட்டிய பைத்தான் தன் பிளாட்ஃபார்மை மிங்டபிள்யூ என்றே சொல்லிக்கொள்ளும். பைபிஐயில் இருக்கும் விண்டோஸ் வீல்களைப் பார்த்து "இது எனக்கானது இல்லை" என்று பிப் ஒதுக்கிவிட்டு, சோர்ஸை எடுத்துத் தானே கட்டப் பார்க்கும். சின்னப் பேக்கேஜ் என்றால் கட்டிவிடும். பெரியது என்றால் உங்கள் மாலைப்பொழுது போயிற்று. பேக்மேனில் நம்பை போன்ற பிரபலமானவை தயாராகவே இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு வேண்டிய பதிப்பு எண் அதில் இருக்க வேண்டுமே. எம்எஸ்ஒய்எஸ்2 எப்போதும் புதியதை நோக்கி உருண்டுகொண்டே இருக்கும், பழைய 3.10 அதில் தங்காது.

சின்னச் சின்ன வித்தியாசங்களும் உண்டு. விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கினால் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டருக்குப் பதில் பின் என்று வரும். பைத்தான் டிஎல்எல்லின் பெயர் வேறு. அதோடு எம்எஸ்ஒய்எஸ்2-க்குள்ளேயே பல சூழல்கள்: எம்எஸ்ஒய்எஸ், மிங்டபிள்யூ64, யுசிஆர்டி64, கிளாங்64. ஒவ்வொன்றுக்கும் ஒரு பைத்தான். இவற்றோடு உங்கள் கணினியில் முன்பே இருக்கும் பைத்தான், தட்டினால் ஸ்டோரைத் திறக்கும் அந்தப் போலிப் பைத்தான் எல்லாம் சேர்ந்துகொண்டால், எந்தப் பைத்தான் ஓடுகிறது என்பதே ஆராய்ச்சிப் பொருளாகிவிடும். 'வேர் பைத்தான்' என்று கமாண்டில் தட்டிப் பார்க்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும். இந்த வழியில் போவதென்றால் யுசிஆர்டி64-ஐ எடுங்கள், மிங்டபிள்யூ64 பழைய ரன்டைமில் நிற்கிறது.

அப்படியானால் இது யாருக்கு? ஜிடிகே என்ற சாளர நூலகத்தை வைத்து டெஸ்க்டாப் செயலி எழுதுகிறவர்களுக்கு. அவர்களுடைய அண்டை வீட்டார் எல்லோரும் மிங்டபிள்யூ தெருவில்தான் இருக்கிறார்கள். கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டின் விண்டோஸ் பதிப்புகளும் எம்எஸ்ஒய்எஸ்2-இன் பைத்தானையே உள்ளே வைத்துக்கொண்டு வருகின்றன. அவர்கள் மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் கட்டிய பைத்தானைக் கொண்டுபோனால் அங்கேதான் தகராறு.

மொழி மாறினால் இந்த விடையும் அப்படியே தலைகீழாகும் என்பதை நடுவில் சொல்லிவிடுகிறேன். ரூபியையும் மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் கட்டலாம். வின்32 ஃபோல்டரில் கன்ஃபிகர்.பேட் இருக்கிறது, அதன்பின் என்மேக். ஆனால் விண்டோஸில் ரூபி பயன்படுத்துகிற பெரும்பாலோர் கையில் இருப்பது ரூபிஇன்ஸ்டாலர். அது எம்எஸ்ஒய்எஸ்2-ஓடு கைகோத்து வருவது. சி எக்ஸ்டென்ஷன் உள்ள ஜெம்கள் (ரூபி பேக்கேஜ்கள்) அந்த ஜிசிசியை எதிர்பார்த்தே எழுதப்படுகின்றன. பெர்லிலும் ஸ்ட்ராபெரி பெர்ல் ஜிசிசியைத் தன்னோடே கொண்டுவருகிறது. அந்த ஊர்களில் போய் விஷுவல் ஸ்டுடியோவில் கட்டுகிறவர்தான் தனி ஆள்.

மூன்றாவது வழி டபிள்யூஎஸ்எல், அதாவது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி. உள்ளே உபுண்டு, அதற்குள் கன்ஃபிகர், மேக் என்று வழக்கமான லினக்ஸ் பாதை. கட்டுவது எல்லாவற்றிலும் சுலபம் இதில்தான். இருந்தும் என் கணக்கில் இது இந்த ஒப்பீட்டிலேயே வரக் கூடாது. கட்டி முடித்ததும் கிடைப்பது லினக்ஸ் பைத்தான். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியைத் தொடும் வின்ரெஜ் அதில் இல்லை, பைவின்32 ஏறாது, எக்ஸெலைக் காம் என்ற விண்டோஸ் இணைப்பு முறை வழியாகத் திறக்க முடியாது. பைத்தானின் உள்வேலையைப் படிக்க விரும்பும் மாணவருக்கு, அல்லது சர்வரில் லினக்ஸில் ஓடப்போகும் ஒன்றை எழுதுகிறவருக்குத் தாராளமாகப் போதும். அவர்களுக்கு இரண்டு சொல்: சோர்ஸை உபுண்டுவின் ஹோம் ஃபோல்டரிலேயே வைத்துக் கட்டுங்கள், சி டிரைவை எட்டிப் பிடித்து அங்கே கட்டினால் ஆமை வேகம். கட்டியபின் 'மேக் இன்ஸ்டால்' போடாமல் 'ஆல்ட்இன்ஸ்டால்' போடுங்கள், பைத்தான்3 என்று தட்டினால் வழக்கமாக வருவது மாறாமல் இருக்கும்.

நான்காவது, வேறு யாரோ ஏற்கெனவே கட்டி வைத்திருப்பதை எடுத்துக்கொள்வது. "கம்பைல் செய்ய வழி கேட்டால் இதைச் சொல்கிறாயே" என்று திட்டாதீர்கள். யுவி என்ற கருவியில் 3.10 வேண்டும் என்று சொன்னால், அது பைத்தான்-பில்ட்-ஸ்டாண்டலோன் என்ற திட்டத்திலிருந்து ஒரு பைத்தானை இறக்கித் தரும். கிரெகரி சோர்க் தொடங்கிய திட்டம், 2024 இறுதியில் ஆஸ்ட்ரல் நிறுவனத்தின் பொறுப்புக்குப் போனது. விண்டோஸ் பில்டுகள் மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் கட்டப்பட்டவை என்பதால் பைபிஐ வீல்கள் ஏறும். முக்கியமாக, இன்ஸ்டாலர் நின்றுபோன கிளைகளின் பாதுகாப்பு வெளியீடுகளையும் அவர்கள் கட்டிப் போடுகிறார்கள். கொண்டா என்ற பேக்கேஜ் கருவிக்கான கொண்டா-ஃபோர்ஜ் சேனலும் அப்படியே. கொண்டாவில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அனகொண்டாவின் டிஃபால்ட் சேனலைப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தக் கட்டண உரிமம் வேண்டும், கொண்டா-ஃபோர்ஜ் சேனலுக்கு அது இல்லை.

பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே காரணம் என்றால் பத்தில் எட்டுப் பேருக்கு நான் சொல்லும் வழி இந்த நான்காவதுதான். ஐந்து நிமிட வேலை. எனக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. "மூன்றாம் தரப்பு கட்டிய பைனரி கூடாது, நாமே கட்டியதாக இருக்க வேண்டும்" என்று கொள்கை ஆவணத்தில் ஒரு வரி இருந்தது. பைத்தான் தளத்தின் இன்ஸ்டாலரும் யாரோ கட்டியதுதானே என்று கேட்டேன். பதில் வரவில்லை. அதனால் பில்ட்.பேட்.

கட்டிய பின்னும் ஒரு விஷயம் உறுத்தியது. 3.10-இன் விண்டோஸ் இன்ஸ்டாலர்கள் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-ஐச் சேர்த்து வந்தவை. அந்த 1.1.1-க்கான பொது ஆதரவை ஓபன்எஸ்எஸ்எல் குழு 2023 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டது. சோர்ஸிலிருந்து புதிதாகக் கட்டினேன் என்பதால் எல்லாமே புதிதாகிவிடாது. எக்ஸ்டர்னல்ஸை இழுக்கும் அந்த பேட் கோப்பில் எந்தப் பதிப்பு எழுதியிருக்கிறதோ அதுதான் வரும். தணிக்கைக்காரருக்கு அறிக்கை அனுப்பும் முன் அந்தக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு நூலகத்தின் எண்ணையும் பாருங்கள். நான் பார்த்தேன், கருவி வெளியே எங்கும் நெட்வொர்க்கில் பேசுவதில்லை என்பதைத் தனியாக எழுதிக் கொடுத்து அந்தப் பகுதியை முடித்தேன்.

இதுவரை எதையுமே சோர்ஸிலிருந்து கட்டியதில்லை என்றால், பைத்தானில் தொடங்க வேண்டாம். லுவா என்ற சின்ன மொழியை எடுங்கள். மொத்தமே சுமார் 30,000 வரி சி கோடு. லுவா குழு சோர்ஸை மட்டும்தான் தருகிறது, கட்டுவது நம் பொறுப்பு என்பதே அங்கே வழக்கம். எம்எஸ்ஒய்எஸ்2-இல் 'மேக் மிங்டபிள்யூ' என்று தட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும். விஷுவல் ஸ்டுடியோ கமாண்ட் விண்டோவிலும் இரண்டு மூன்று வரிகளில் கட்டிவிடலாம். கம்பைல், லிங்க், டிஎல்எல் என்பவை எந்த வரிசையில் நடக்கின்றன என்பது அந்தச் சின்ன இடத்தில் தெளிவாகக் கண்ணில் படும். பைத்தானில் அதே வேலை எம்எஸ்பில்ட் என்ற மைக்ரோசாஃப்ட் கட்டும் கருவியின் நீண்ட வெளியீட்டுக்குள் புதைந்து போய்விடும்.

எந்த வழியில் கட்டினாலும் நான் கடைசியில் ஓட்டுவது ஒரே சோதனை: 'வணக்கம்' என்று ஒரு பிரிண்ட். 3.6-இல் ஸ்டீவ் டவர் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு விண்டோஸ் கன்சோலில் தமிழ் பிழையில்லாமல் போகும் (எழுத்துரு கட்டம் கட்டமாகக் காட்டினால் அது வேறு விஷயம்). அதே வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால்தான் கதை. கோப்பு என்றதும் பைத்தான் விண்டோஸின் பழைய கோட்பேஜுக்கு (எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல்) போய்விடும். நம் ஊரில் ஆங்கில அமைப்போடு வரும் கணினிகளில் அது 1252. தமிழுக்கென்று விண்டோஸில் அப்படி ஒரு ஆன்சி கோட்பேஜே கிடையாது. 'வ' என்ற முதல் எழுத்திலேயே யூனிகோட் என்கோட் எரர். டபிள்யூஎஸ்எல்லில் இதே ஸ்கிரிப்ட் யுடிஎஃப்-8 சூழலில் ஓடுவதால் சத்தமில்லாமல் தேறிவிடும். அங்கே எழுதிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கணக்குப் பிரிவுக்குக் கொடுத்தால், மாதக் கடைசியில் போன் வரும். 3.15-இலிருந்து யுடிஎஃப்-8-தான் இயல்பு. அதுவரை பைத்தான்யுடிஎஃப்8 என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 1 என்று வைத்துவிடுங்கள். நான் கட்டிக் கொடுத்த 3.10-ஐத் திறக்கும் பேட் கோப்பில் முதல் வரியே அதுதான்.